திருட்டுக் கேஸ்தான்

திருட்டுக் கேஸ். வேறொன்றும் இல்லை. நீர் கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. எழுந்து போவதானால் போகலாம்.

போகவில்லையா? சரி, உட்காரும். அந்தப் பெஞ்சு ஆடும், இந்தப் பக்கம் வாரும்.

நாகலிங்கம், உம்மைக் குற்றம் சொல்லவில்லை. நீர் பெண்ணைப் பெற்றவர். மதுரைச் சீமையிலிருந்து மரமில்லுக்குக் கணக்கெழுத வந்தவர். சம்பளத்துக்காக நீராகக் கப்பல் ஏறினீர். எங்களைச் சர்க்கார் ஏற்றி அனுப்பியது. போர்ட் பிளேரில் மாப்பிள்ளை தேடினால் எந்த வீட்டிலும் ஒரு கேஸ் இருக்கத்தான் செய்யும். பையனுடைய தாய் என்ன செய்துவிட்டுத் தீவாந்தரம் வந்தாள் என்று கேட்காமல் பெண்ணைக் கொடுக்கலாமா? கேட்க வேண்டியதுதான்.

ஆனால் உம் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. நம்பவில்லை. "திருட்டுக்கா வெள்ளைக்காரன் கடல் கடத்துவான், கிழவன் எதையோ மறைக்கிறான்" என்று ஓடுகிறது உமக்கு. எனக்கும் அப்படித்தான் ஓடியது. அந்த நினைப்பில் ஒரு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தேன், ஓய். அதைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளும். ஒரே பேச்சை இரண்டு தரம் பேச எனக்குப் பிடிக்காது.

நான் இங்கே வந்து பத்து வருஷம் மரம் அறுத்தேன், சதுப்பில் மண் கொட்டினேன். அப்புறம் டிக்கெட் கொடுத்தார்கள். டிக்கெட் என்றால் கப்பல் டிக்கெட் இல்லை. ஒரு துண்டு வயல், ஒரு குடிசை. உழுது தின்னு, தீவை விட்டுப் போகாதே. அதுதான் டிக்கெட். அது கிடைத்தவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். கட்டிக்கொள்ளப் பெண் வேண்டுமென்றால் பெண்கள் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

ஜெயில் முற்றத்தில் அவர்களை வரிசையாக நிறுத்துவார்கள். நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன் மாதிரிப் போவோம். மாடு பிடிக்கப் போகிறோமா, மாடாய் நிற்கப் போகிறோமா என்பது அங்கே போனால்தான் தெரியும். ஏனென்றால் அவர்களும் வேண்டாம் என்று சொல்லலாம். அது சட்டம். நாம் ஒருத்தி முன்னால் நிற்க வேண்டும். ஜமேதார் நம் பேரைச் சொல்வான். அவள் தலையை ஆட்டினால் சரி, ஆட்டாவிட்டால் அடுத்தவள்.

முதல் இரண்டு பேரும் என் பேரைக் கேட்டதும் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். பேரில் என்ன இருக்கிறது? வெயிலுமுத்து. நல்ல பேர். அய்யனார் பேர். அந்தக் காலத்தில் என் முகத்தில் அம்மைத் தழும்பு இப்போதைவிட எடுப்பாகத் தெரியும். அதுதான் காரணமாக இருக்கும்.

மூன்றாவதாக நின்றவள் அங்காயி. நெற்றியில் கரிப்பொட்டு. ஒல்லி. தமிழ் முகம். அவள் தலையை ஆட்டவும் இல்லை, நகரவும் இல்லை. என்னிடம் நேராகக் கேட்டாள்.

"வீட்டிலே அரிசி இருக்குதா?"

இருக்கிறது என்றேன்.

"தெனமுமா?"

தினமும் என்றேன்.

பக்கத்தில் நின்றவள் அவள் கையைக் கிள்ளினாள். பார்த்தேன். இவள் உதறிவிட்டு, ஜமேதாரைப் பார்த்துச் சரி என்றாள். முன்ஷி அவள் கழுத்தில் தொங்கிய பலகையைப் படித்து, திருட்டு, மூன்றாவது முறை, என்றான். எனக்கு எழுத்துத் தெரியாது. முன்ஷி படித்தால் நம்ப வேண்டியதுதான். ஆனால் நாலு வெற்றிலை கொடுத்தால் கொலையைத் திருட்டென்று படிக்கிற முன்ஷி அவன்.

படகு இறங்கி வயல் வரப்பில் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் பின்னால் வந்தாள். மூட்டை சின்னது. பாதி வழியில், உங்க கேஸ் என்ன என்றாள். கைகலப்பு என்றேன். யாரோடு என்றாள். வீட்டிலே என்றேன். அதற்கப்புறம் குடிசை வரும்வரை பேச்சே இல்லை. ஜெயிலில் உட்கார்ந்தே இருந்தவள், நடந்த களைப்பு.

என் கேஸா? நீர் கேட்க வந்தது அது இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒட்டப்பிடாரம் பக்கம் நான். முதல் சம்சாரம் முப்பிடாதி. ஒரு நாள் கம்மங்கூழில் எதையோ கலந்து கொடுத்தாள். கசந்தது. சற்று நேரத்தில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் சாவதற்குள் அவளை முடித்துவிட வேண்டும் என்று அரிவாளை எடுத்தேன். முடித்தேன். நான் சாகவில்லை. கோர்ட்டில் ஒரு வைத்தியன் ஏறி நின்று, அந்த மாசம் ஊரெல்லாம் பேதி, இவனுக்கும் பேதிதான் என்று சொன்னான். அந்தக் கூழை அவனா குடித்தான்? தூக்கு என்றார்கள், அப்புறம் தீவாந்தரம் என்றார்கள். முடிந்த கதை. இது அங்காயி கதை.

அடுத்த குடிசையில் மொய்து என்று ஒரு மலபார்க்காரன். நல்லவன், வாய் மட்டும் அடங்காது. இவள் வந்த மறுநாளே வேலிக்கு வந்துவிட்டான். என்ன கேஸ் என்றான். திருட்டு என்றேன். சிரித்தான் பாரும், வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எடா வெயிலே, திருட்டுக்கு ஊர் ஜெயில் போதாதா? அங்கே நிற்கிற பெண்ணெல்லாம் கெட்டினவனுக்குச் சோறு போட்டுக் கொன்னவள். என்றெ பெண்டாட்டியும் திருட்டென்றுதான் சொன்னாள். ரெண்டு கெட்டியோன், ரெண்டு பேரும் மௌத்து."

அவனுக்கு அது வேடிக்கை. இரண்டு பேரைக் கொன்றவளோடு குடித்தனம் நடத்தி, அவள் போட்டதைத் தின்று, ஆட்டுக்கிடா மாதிரி இருந்தான். எனக்கு வேடிக்கை இல்லை. ஒருமுறை கசப்பைக் குடித்தவன் நான், நாகலிங்கம். சூடுபட்ட பூனை.

அன்றிலிருந்து அவள் அடுப்படியில் இருந்தால் நான் வாசற்படியில் இருப்பேன். எதைக் கிள்ளுகிறாள், எதைப் போடுகிறாள், கையை எதில் துடைக்கிறாள். காட்டோரம் போய்க் கீரை பறித்து வருவாள். அது என்ன கீரை என்பேன். தெரியாதுங்க, எங்க ஊர்க் குப்பைக்கீரை மாதிரி இருக்குது என்பாள். தெரியாத கீரையை எதற்குப் பறிக்க வேண்டும்? அரளிக்கும் ஊமத்தைக்கும் இங்கே பஞ்சமா?

அப்போதுதான் அந்த வழி தோன்றியது. அவளை முதலில் சாப்பிடச் சொன்னேன்.

நம் பக்கத்தில் வழக்கம் என்ன? ஆம்பிளை தின்று எழுந்த பிறகுதானே பெண்பிள்ளை உட்காருவாள். மிச்சம் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் நீத்தண்ணி. நான் சட்டியையும் சோற்றையும் அவள் முன்னால் வைத்து, தின்னு, நான் பார்க்கணும் என்றேன். விளையாட்டென்று நினைத்தாள். இல்லை, தின்னு என்றேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. அவள் வாயில் போட்டு, மென்று, விழுங்கி, நான் ஒரு வெற்றிலை போடும் நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம்தான் தொடுவேன்.

முதல் நாள் தின்னும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மனச்சாட்சி குத்துகிறது என்று எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். கேட்டதற்கு அவள் தன் கேஸைச் சொன்னாள். இதைக் கவனமாகக் கேளும். இதற்குத்தானே வந்தீர்.

தாது வருஷப் பஞ்சத்தில் அவள் சிறுபிள்ளை. பெரம்பலூர் பக்கம். வீட்டில் அப்பன் தின்பான், அண்ணன்மார் தின்பார்கள், சட்டி காலியாகும். இவளும் ஆத்தாளும் சட்டியைக் கழுவிக் குடிப்பார்கள். ஆத்தாள் அந்தப் பஞ்சத்தில் போய்விட்டாள். இவள் பிழைத்தாள், எப்படியென்றால் திருடி. முதலில் களத்தில் சோளக்கதிர். அந்த வயசில் ஜெயில் இல்லை, அடி வாங்கியதோடு போயிற்று. கட்டிக்கொடுத்த வீட்டிலும் அதே சட்டிதான். புருஷன் செத்தான், மாமியார் விரட்டினாள், இவள் ஒரு வீட்டில் செம்பு எடுத்தாள். ஜெயில். வெளியே வந்தவள் ஒரு மண்டியில் அரைமூட்டை நெல். ஜெயில். மூன்றாவது, கோயிலில் சங்கிலியோடு தொங்கிய தூக்குவிளக்கு. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மணி மாதிரி ஆடிச் சத்தம் போட்டதாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். "சாமி வெளக்கு, நான் ஓட ஓட அதுவே ஊரைக் கூப்பிடுது." ஜட்ஜு, இவளை எத்தனை தரம் உள்ளே போட்டாலும் வெளியே வந்து எடுப்பாள், எடுக்க ஒன்றுமில்லாத இடத்துக்கு அனுப்பு என்று எழுதிவிட்டானாம்.

கப்பலில் அடித்தட்டில் அடைத்தார்கள். கடல் அடிக்கிற சத்தம் கேட்டு, நடுக்கடலில் தூக்கிப் போடத்தான் கொண்டுபோகிறார்கள் என்று பெண்பிள்ளைகள் எல்லாம் ஒப்பாரி வைத்தார்களாம். இவள் மட்டும் பேசாமல் இருந்தாளாம். ஏனென்று கேட்டேன். "போடுறதுன்னா சோறு போட்டா இட்டுக்கிட்டுப் போவான்? வேளா வேளைக்குச் சோறு வந்துச்சு. அதனாலே பயம் இல்லை" என்றாள். சோறு போடுகிறவன் கொல்ல மாட்டான் என்பது அவள் கணக்கு. எனக்குத் தெரிந்தது நேர் எதிர்க் கணக்கு.

நம்பினேனா? நம்பவில்லை. கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற கதையை எப்படி நம்புவது?

இன்னொன்று. என் வெட்டுக்கத்தி. காடு வெட்டச் சர்க்கார் கொடுத்தது, முழ நீளம். வயலிலிருந்து வந்ததும் கூரையில் செருகி வைப்பேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பார்த்தால் இருக்காது. காலையில் பார்த்தால் அதே இடத்தில் இருக்கும். தினமும். எங்கே கத்தி என்றால், நான் எடுக்கலையே என்பாள். எங்கே ஒளிப்பாள் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அரிசிப் பானையில் கை விட்டுப் பார்த்தேன். விறகைக் கலைத்துப் பார்த்தேன். தேர்ந்த கை, ஓய். ஜட்ஜு சும்மா எழுதவில்லை.

இதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கூட வந்தது. ஒருவேளை நிஜமாகவே திருடிதானோ, பாவம், பழக்கம் விடவில்லையோ என்று. மொய்துவிடம் சொன்னேன். அவன் அதையும் கெடுத்தான். ராத்திரிக்கு மட்டும் கத்தி எடுக்கிற திருடியை நீ எங்கே கண்டாய், உன் கழுத்தை ஒத்திகை பார்க்கிறாள் என்றான். அதற்கப்புறம் தூக்கம் ஏது? நான் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அவள் வாசலுக்கு வெளியே, பாதையைப் பார்த்துக் கால் நீட்டிப் படுப்பாள். உள்ளே புழுக்கம் என்பாள். அடைமழையிலும் அவளுக்குப் புழுக்கம்.

இப்படி ஒரு வருஷம். இரண்டு பேர் இருந்த குடிசையில் பயந்தவன் நான் ஒருவன். அவளுக்கென்ன, தின்றுவிட்டு நிம்மதியாக இருந்தாள். கொஞ்சம் சதை கூடப் பிடித்தாள்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. இங்கே மழை வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் கொய்னாத் தண்ணீர். அன்றைக்குக் காலையில் ஒரு கோப்பை ஊற்றினான் கம்பவுண்டர். குடித்துவிட்டு, வேலைக்குப் போக முடியாமல் நடுமத்தியானத்தில் வீட்டுக்கு வந்தேன். தலை சுற்றுகிறது. உடம்பு உதறுகிறது. கத்தியைக் கூரையில் செருகினேன், உட்கார்ந்தேன்.

மீன் குழம்பு வைத்திருந்தாள். சோற்றையும் குழம்பையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என் முன்னால். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

நீ தின்னு என்றேன்.

"எனக்கு வேண்டாங்க. நீங்க சாப்பிடுங்க."

நாகலிங்கம், ஒரு வருஷம் இந்த வார்த்தைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். என் காதில் கடல் சத்தம் நின்றுபோனது. ஏன் வேண்டாம் என்றேன். பிடிக்கலை என்றாள். மீன் பிடிக்காதா உனக்கு? மீன் முள்ளைக் கூடச் சப்புகிறவள். இன்னைக்குப் பிடிக்கலை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. அதே கசப்பு.

கொய்னா என்கிறீரா? அதை எல்லாரும்தான் சொன்னார்கள். கொய்னாக் கசப்பு வேறு, அந்தக் கசப்பு வேறு. குடித்தவனுக்குத்தான் தெரியும்.

தின்னு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள். விழுங்கினாள். இரண்டாவது கவளம் உள்ளே போகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடி, தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு கக்கினாள்.

இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? எழுந்து கூரையில் கையை விட்டேன். கத்தி இல்லை.

பட்டப்பகலில். நான் செருகி, கை கழுவி, உட்காருவதற்குள். அந்த நேரத்துக்குள் எடுத்துவிட்டாள்.

கொல்லைக்குப் போனேன். அவள் மரத்தில் சாய்ந்து நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கே கத்தி என்றேன்.

"எதுக்குங்க?"

"தேங்காய் வெட்ட."

"நான் ஒடைச்சுத் தர்றேன். நீங்க போய்ப் படுங்க. காய்ச்சல் கொதிக்குது."

"கத்தி எங்கே, அங்காயி?"

அவள் ஓடவில்லை. ஓட எங்கே இடம்? ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். அவள் கை இரண்டும் வயிற்றுமேல் இருந்தது. கத்தியை இடுப்பில் வைத்திருக்கிறாள் என்று நினைத்து நான் கிட்டே போகவில்லை. குடிசைக்குள் போய்க் கூரையைப் பிய்த்தேன். பாயை உதறினேன். அடுப்புக் கல்லைப் புரட்டினேன். அதற்குள் வயிற்றுக்குள் அது ஏறுகிற மாதிரி இருந்தது. இங்கேயே செத்தால் மொய்துதான் சிரிப்பான். போலீஸ் டாணாவுக்கு ஓடினேன். ஓடி, தொரை காலில் விழுந்து, என் பெண்டாட்டி எனக்கு விஷம் வைத்தாள், கத்தியைத் திருடினாள், அவளைத் திரும்ப ஜெயிலில் போடுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரியில் உப்புத்தண்ணீர் ஊற்றிக் குடலைக் கழுவினார்கள். நான் சாகவில்லை. மிச்சக் குழம்பை மொய்துவின் நாய் நக்கித் தீர்த்தது. அதுவும் சாகவில்லை. நாய் வயிறு வேறு, மனுஷன் வயிறு வேறு.

மறுநாள் விசாரணை. தொரை நாற்காலியில். முன்ஷி பக்கத்தில். அங்காயி எதிரே நின்றாள், முக்காடு போட்டுக்கொண்டு. டாணாவில் இருந்தவன், வந்தவன், போனவன் எல்லாம் வேடிக்கை. முன்ஷி கேட்டான், நீ விஷம் வைத்தாயா என்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தொரையைப் பார்த்துச் சொன்னாள். "தொரை, என் சென்மத்திலே எனக்கு மொதல்லே சோறு வச்சு, நான் தின்ன பொறவு தின்ன ஆம்பிளை இவரு ஒருத்தருதான். ஒரு வருசமா ஒரு வேளை தப்பலை. எங்கப்பன் செய்யலை, கட்டுனவன் செய்யலை. இவரை நான் ஏன் கொல்லணும்?"

முன்ஷி அதைத் தொரைக்குச் சொல்ல, ஜமேதாருக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு சிப்பாய் என் முதுகில் தட்டினான். நான் என்ன சொல்ல முடியும்? பயத்தில் செய்தேன் என்று சபையில் சொல்லவா?

பிறகு ஏன் நேற்றைக்கு நீ தின்னவில்லை என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்து, மசக்கை என்றாள். மூணு மாசம். மீன் வாடை ஆகலை. கம்பவுண்டர் பார்த்து, ஆமாம் என்றான்.

சரி, கத்தியை ஏன் எடுத்தாய் என்றான் முன்ஷி.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "பழக்கதோசம், தொரை. நான் திருட்டுக் கேஸ்தானே."

டாணாவே சிரித்தது. முன்ஷி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். தொரை மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவலி போலிருக்கிறது, அவனுக்கும் காய்ச்சல் வரும். திரும்ப ஜெயிலுக்குப் போகிறாயா, உன் இஷ்டம், என்று அவளிடம் கேட்கச் சொன்னான். இரண்டு தரம் கேட்டான். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். போகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், நான் பிழைத்தேன். அவள் தன் வயிற்றைப் பார்த்தாள். ஜெயிலில் பிள்ளை பெற்றால் பிள்ளைக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டாள். முன்ஷி சொன்னான், கஞ்சி. அவள் என் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

அப்படித்தான் கூட்டி வந்தேன். அந்தக் கதை தீவெல்லாம் பரவிவிட்டது. பெண்டாட்டியை முதலில் சாப்பிட வைக்கிற வெயிலுமுத்து என்று. ஜெயில் வரிசையில் நிற்கிற பெண்பிள்ளைகள், அந்த மாதிரி ஆள் வந்தால் சொல்லு என்பார்களாம். மொய்துவின் பெண்டாட்டி அவனை அதற்காகவே வெளுத்தாள்.

மகன் பிறந்தான். கடற்கரை என்று பேர் வைத்தோம். அங்காயிக்கு அடுத்தவனுக்குக் கொடுக்கிற குணம் ஜாஸ்தி. பிள்ளையை மொய்து வீட்டில் விட்டுத்தான் வளர்த்தாள். அங்கேதான் தூங்குவான். பகலில் வருவான், போவான். எனக்குக் காய்ச்சல் வந்தால் வரவே விடமாட்டாள், தொற்றிக்கொள்ளும் என்பாள். பொறுப்பான தாய்.

அவளுக்கு விடுதலை எனக்கு முந்தியே வந்தது. ஊருக்குப் போகலாம் என்று எழுதி வந்தது. பிள்ளையைக் கொண்டுபோகத் தகப்பன் சம்மதம் வேண்டும் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. அவள் போகவில்லை. இருந்துவிட்டாள். என்மேல் அவ்வளவு பாசம். எத்தனை பேருக்கு அப்படி அமையும், சொல்லும்.

கடைசிவரை முதல் கவளம் அவள்தான். நான் வாயால் சொல்லவே வேண்டாம், அவளே எடுத்துத் தின்றுவிட்டு, வாயைத் திறந்தும் காட்டிவிடுவாள். கத்தியும் கடைசிவரை ராத்திரியில் காணாமல்தான் போனது. நான் கேட்பதை விட்டுவிட்டேன். பிறவிக் குணம், என்ன செய்ய.

போன மழைக்கு முந்தின மழையில் போனாள். காய்ச்சல்தான். கடைசி நாள் கடற்கரையைக் கிட்டே கூப்பிட்டு என்னவோ சொன்னாள். இந்துஸ்தானியில் சொன்னாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதுதானே பாஷை. எனக்குக் காது மந்தம். என்ன சொன்னாள் என்று கேட்டால் அவன் இன்றுவரை சொல்லவில்லை.

ஆக, விஷயம் இதுதான். கொலைகாரி இல்லை. நான்தான் வீணாகப் பயந்து ஒரு வருஷத்தை அழித்தேன். உமக்கு அந்தப் பயம் வேண்டாம். பையன் லாஞ்சிப் படகில் வேலை பார்க்கிறான், குடிக்க மாட்டான், உம் பெண்ணைக் கண்கலங்காமல் வைத்திருப்பான். பெண் இங்கே வந்து சமைத்துப் போட்டால் போதும். எனக்கும் என் கைச்சமையலையே தின்று வருஷம் இரண்டாகிறது. நாமே சமைத்தால் பயமில்லைதான், ஆனால் ருசியில்லை.

என்ன, வாயைத் திறந்து பேசும். முணுமுணுத்தால் எனக்குக் கேட்காது.

கடற்கரை உம்மைப் பார்க்க வந்தானா? எப்போது? மில்லுக்கே வந்தானா? என்னிடம் சொல்லவில்லையே.

என்ன கேட்டான்?

தனி வீடா. ஆபர்டீன் பஜார்ப் பக்கம் வாடகைக்கா. எதற்கு? இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு? அதற்குச் சம்மதித்தால்தான் பெண்ணைக் கொடுங்கள், இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள் என்று அவனே சொன்னானா? மாப்பிள்ளை ஆகப் போகிறவன் சொல்கிற பேச்சா இது?

உட்காரும், ஓய். ஏன் எழுந்திருக்கிறீர்.

இந்த வீட்டில் பெண்ணை விடப் பயமாக இருக்கிறது என்றானா? என்ன பயம்? அவள்தான் போய்விட்டாளே. இப்போது இங்கே நான் ஒருவன்தானே இருக்கிறேன்.